காசும் சிங்களமும் இருந்தா போதுமாம்

கேள்வி போட்டவர், 2025 பெப்ரவரி 9, மாலை 6.15

நான் வெள்ளவத்தையில பிறந்து வளந்தனான். ஐடி கம்பனி ஒண்டில வேலை. தமிழன் எண்டு என்னட்ட இதுவரைக்கும் ஒருத்தரும் வித்தியாசம் காட்டேல்ல. கையில காசும் வாயில சிங்களமும் இருந்தா கொழும்பில எல்லாருக்கும் ஒரே மரியாதைதான். பாகுபாடு பாகுபாடு எண்டு கதைக்கிற ஆக்கள் இன்னும் 83 கலவரத்தையும் செக் பொயின்ற்றையும் விட்டு வெளியில வரேல்ல எண்டு நினைக்கிறன். பிழை எண்டா சொல்லுங்கோ.

பெப்ரவரி 9, இரவு 11.20

தம்பி, உங்களுக்கு நடக்கலன்னா நடக்கல, அதுல நான் என்னத்த சொல்ல. "எல்லாருக்கும்"ன்னு போட்டீங்களே, அதான் இடிக்குது. எனக்கும் காசு இருக்கு, கோடி இல்ல, அட்வான்ஸ் கட்டுற அளவுக்கு இருக்கு. சிங்களம் உங்கள விட நல்லா பேசுவேன்னே நினைக்கிறேன், ஹட்டன் பக்கம் தேயிலத் தோட்டத்துல பொறந்து ஏ.எல். முடிச்ச கையோட புறக்கோட்டைக்கு கணக்கு எழுத வந்தவ. போன வருஷம் மகளோட ஸ்கூலுக்கு கிட்டவா இருக்கட்டும்னு வெள்ளவத்த பக்கம் வீடு தேடினோம், கிடைக்கல, இன்னும் கொட்டாஞ்சேனையிலதான் இருக்கோம். இல்லன்னு சொன்ன வீட்டுக்காரங்க அத்தன பேரும் தமிழாளுங்க. மிச்சத்த நாளைக்கு எழுதுறேன், கண்ணு சொருகுது.

பெப்ரவரி 10, மதியம்

சாப்பாட்டு நேரத்துல ஃபோன்ல அடிக்கிறேன், எழுத்துப்பிழைய கண்டுக்காதீங்க.

காலி வீதில இருந்து கடற்கர பக்கம் இறங்குற ஒரு ஒழுங்கை, மூணாம் மாடி. வீட்டுக்காரம்மா நல்ல மனுஷி, அத முதல்ல சொல்லிடணும். "வாங்கோ பிள்ளை, வெயிலுக்க வந்திருக்கிறியள்"ன்னு தேசிக்காய் தண்ணி கரைச்சி குடுத்தாங்க. வாடக சரி, அட்வான்ஸ் சரி, மகள் படிக்கிற ஸ்கூல் பேர கேட்டு சந்தோஷப்பட்டாங்க. "சொந்த இடம் எது?" ஹட்டன்னேன். "ஓ, ரவுனிலயோ?" அதுக்கு நான் ஒரு மாதிரி தலைய ஆட்டி வச்சேன், ஆமான்னும் எடுத்துக்கலாம் இல்லன்னும் எடுத்துக்கலாம். எக்ரிமென்ட் எழுத ஐடி கொப்பி கேட்டாங்க. குடுத்தேன். முன்பக்கம் பாத்தாங்க, திருப்பினாங்க. பின்பக்கத்துலதான் பொறந்த இடமும் விலாசமும் இருக்கும், கல்யாணத்துக்கு பொறகும் நான் விலாசத்த மாத்தல, சோம்பேறித்தனம். தோட்டத்து விலாசம் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன், வீட்டு நம்பர் கிடையாது, ரோட்டு பேர் கிடையாது, தோட்டத்து பேர், கீழ்ப்பிரிவு, அடுத்தது டவுன் பேர், அம்புட்டுதான். வரிசையா ஒட்டிக் கட்டின லயத்து வீட்டுக்கு ஏது நம்பர், கடுதாசி வந்தா தோட்டத்து ஒஃபிசுக்குத்தான் வரும். அந்த அம்மாவோட கட்டவிரல் "கீழ்ப்பிரிவு"க்கு மேல போயி நின்னுச்சு. பொறகு கொப்பிய மேசையில வச்சிட்டு கண்ணாடிய கழட்டி சேல முந்தானையில துடைச்சாங்க. "லண்டனில இருக்கிற மகனிட்ட ஒருக்கா கேக்கோணும் பிள்ளை, அவன்ர பேரிலதான் வீடு."

மகன் இன்னும் யோசிக்கிறார் போல.

அடுத்த வாரமும் புரோக்கரோட வட்ஸ்அப் குரூப்ல அதே வீடு அதே ஃபோட்டோவோட கிடந்துச்சு. என்கூட வேல செய்யிற யாழ்ப்பாணத்து அக்காவ அந்த நம்பருக்கு ஒரு கோல் எடுங்கன்னேன், அவங்களுக்கு வீடே தேவையில்ல, எனக்காக எடுத்தாங்க. ரெண்டு நிமிஷம் கதைச்சதுக்குள்ள "எப்ப வந்து பாக்கிறியள்"ன்னாங்களாம். ஊர் கேட்டாங்களா? கேட்டாங்க. கொக்குவில்னு சொன்னாங்க.

இதே வேலைய பெருசா செஞ்சி பாத்திருக்காங்க, 2004ல வந்த அமெரிக்க ஆய்வு ஒன்னு, பெர்ட்ரண்ட், முல்லைநாதன்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க. பொஸ்டன்லயும் சிக்காகோலயும் பேப்பர்ல வந்த வேல விளம்பரங்களுக்கு 5000 கிட்ட பயோடேட்டா அனுப்பியிருக்காங்க, தகுதி ஒரே மாதிரி, பேர மட்டும் வெள்ளக்காரங்க பேர் மாதிரியும் கறுப்பினத்தவங்க பேர் மாதிரியும் மாத்தி. வெள்ளக்காரப் பேருக்கு பத்து போட்டா ஒரு கோல், மத்ததுக்கு பதினஞ்சு போட்டாத்தான் ஒரு கோல். முல்லைநாதன்ங்கிற பேர பாத்தவொடன நம்மாளான்னு தேடினேன், தமிழ்நாட்டு ஆளாம்.

பெப்ரவரி 10, இரவு

"அது ஊர் பாக்கிறது, சாதி பாக்கிறது, இனப்பாகுபாடோட கலக்காதீங்க"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். கலக்கிறது நானா? வீடு கிடைக்காத எனக்கு அது எந்தக் கோப்புல போடணும்ங்கிறதா கவலை? அந்த அம்மா சாதி பாத்தாங்களா, மலைநாடுன்னு பாத்தாங்களா, கூலிக்காரங்க பிள்ளன்னு பாத்தாங்களா, மூணையும் சேத்து ஒன்னா பாத்தாங்களா, அவங்களுக்கே தெரியாது. "தோட்டம்"னு ஒரு சொல் பாத்தவொடன மூணும் சேந்துதான் கண்ணுக்கு முன்ன வந்திருக்கும்.

இன்னொன்னு. அவங்க வீட்டுல 83ல எரிஞ்ச கதைய எனக்கு சொன்னாங்க, அந்த தேசிக்காய் தண்ணி குடிக்கிற நேரத்துலயே. முதல்ல இருந்த வீட்ட எரிச்சதும், சரஸ்வதி மண்டபத்து அகதி முகாம்ல இருந்ததும், கப்பல்ல காங்கேசந்துறைக்கு போனதும். சொல்லும்போது கண்ணு கலங்குச்சு, எனக்கும்தான். அந்தக் கண்ண துடைச்ச பொறகுதான் ஐடி கேட்டாங்க.

பெப்ரவரி 13

தம்பி பதில் போட்டிருக்கார்: "அக்கா, அப்ப சிங்கள ஆக்கள் பிரச்சினையில்ல, எங்கட ஆக்கள்தான் பிரச்சினை எண்டுறியள்." அப்படி நான் சொல்லல. இத படிங்க.

2007 ஜூன் 7 விடியக்காலம். வெள்ளவத்த, புறக்கோட்ட, கொட்டாஞ்சேன பக்கத்து லொட்ஜுகள்ல இருந்த தமிழாளுங்கள பொலிஸ் எழுப்பி பஸ்ல ஏத்தி வவுனியா பக்கம் அனுப்புனாங்களே, 376 பேர், "சரியான காரணம் இல்லாம கொழும்புல தங்கியிருக்காங்க"ன்னு சொல்லி. அடுத்த நாள் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் நிப்பாட்டுச்சு, பிரதமரா இருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பொறகு வருத்தம் தெரிவிச்சார். அந்த வாரம் நாங்க இருந்த போர்டிங்குக்கும் வந்தாங்க. லொட்ஜ் இல்ல, ஒரு வீட்டு மேல்மாடி, பொண்ணுங்க நாலஞ்சு பேர். வரிசையா நிக்க வச்சி ஐடி பாத்தாங்க. எனக்கு பக்கத்துல நின்ன பொண்ணு கிளிநொச்சி, அப்ப புலிகள் கையில இருந்த ஊர். அதிகாரி என்னோடத திருப்பினார், பின்பக்கத்துல விரல் நின்னுச்சு, அதே இடம். "வத்தேத?" தோட்டமான்னு கேக்கிறார். "ஒவ் சேர்"ன்னேன். கொப்பில ஒன்னும் எழுதல, ஐடிய திருப்பி குடுத்துட்டார். கிளிநொச்சி பொண்ண பேக்கோட ஜீப்ல ஏத்தினாங்க, அந்தி பட்டுதான் விட்டாங்க.

வெள்ளவத்த அம்மாகிட்ட எந்த வரி கதவ சாத்துச்சோ அதே வரி பொலிஸ்கிட்ட என்ன தப்ப வச்சிச்சு. அந்தப் பொண்ணு வெள்ளவத்தைக்கு வீடு கேட்டு போயிருந்தா அவளுக்கு கிடைச்சிருக்கும். ஆளு மாறல, ஐடி மாறல, கையில வாங்கி பாக்கிறவன்தான் மாறினான். அதனாலதான் இனமா, ஊரா, சாதியா, எது பெருசுன்னு நீங்க சண்ட போடுறத பாத்தா எனக்கு வெறுப்பா வருது.

பெப்ரவரி 14

மஸ்கெலியாவுல இருந்து ஒரு அண்ணே எழுதியிருக்கார், அவர் தம்பிய கொழும்புல வேல செஞ்ச கடையில வச்சி புடிச்சி வருஷக்கணக்கா உள்ள வச்சிருந்தாங்களாம், தோட்டத்து விலாசம் ஒன்னுத்துக்கும் உதவலயாம். சரிதான் அண்ணே, மலைநாடுன்னா பொலிஸ் விட்டுடும்னு யாரும் எடுத்துக்க வேணாம். நான் பொண்ணு, அன்னைக்கு வந்த அதிகாரி அப்படி. அவரு பையன், கடையில வேல. பயங்கரவாதத் தடைச்சட்டம் வந்தது 1979ல, பேர்லயே "தற்காலிக ஏற்பாடுகள்"ன்னு இருக்கு, என் வயச விட மூத்தது, இன்னும் தற்காலிகம்.

பெப்ரவரி 16

கொஞ்சம் சிரிச்சிக்கலாம். மலைநாட்டுக்காரங்க கொழும்புல எந்த ஒஃபிஸ்ல எந்த சீட்ல உக்காந்திருந்தாலும் ஒரு கேள்விக்கு தப்ப ஏலாது: "உங்கட பக்கம் வீட்டு வேலைக்கு ஒரு பிள்ளை எடுக்கலாமோ?" கேக்காத ஆள் இல்ல. பொஸ்ஸோட வைஃப், பல் டொக்டர், மகளோட டியூஷன் டீச்சர், பஸ்ல பக்கத்துல உக்காந்து ரெண்டு ஹோல்ட் கதைச்ச அம்மா. தமிழ், சிங்களம், முஸ்லிம், இதுல மட்டும் பேதமே கிடையாது. வருஷக் கணக்க முடிக்கிற நேரம், ஓடிட்டருக்கு ஃபைல் காட்டிக்கிட்டு நிக்கிறேன், அவர் தேய்மானக் கணக்குல ஒரு கேள்வி கேட்டார், அடுத்த கேள்வி இது. "நல்ல குணமான பிள்ளையா இருக்கணும்"னு வேற.

ஒருக்கா பொறுக்க ஏலாம சொன்னேன், இருக்கு சேர், பி.கொம். முடிச்ச பிள்ள, சம்பளம் எவ்வளவு குடுப்பீங்கன்னு. அவருக்கு விளங்கல.

பெப்ரவரி 16, பொறகு

மேல எழுதினதுக்கு "அக்கா, அது பாகுபாடில்ல, அறியாமை"ன்னு ரெண்டு பேர். இருக்கலாம். ஆனா கொழும்புல பொறந்த யாழ்ப்பாணத்தாளுங்ககிட்ட யாராவது போயி கேக்கிறாங்களா? எவ்வளவு படிச்சாலும் எந்த வேல பாத்தாலும், வேலக்காரங்க விளையிற எடத்துல இருந்து வந்தவன்னு ஒரு கணக்கு அவங்க தலையில ஓடிக்கிட்டே இருக்கு. திட்டுறாங்கன்னா திருப்பி திட்டலாம். இது அன்பா கேக்கிற கேள்வி, மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?

பெப்ரவரி 22

"கேஸ் போடுங்க"ன்னு சொன்னவங்களுக்கு. சொந்தத்துல ஒரு லோயர் தங்கச்சி இருக்கா, கோர்ட்டுங்க இருக்கிற புதுக்கடையில வேல, அவகிட்ட கேட்டு எழுதுறேன்.

அரசியலமைப்பு 12(2), இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பொறந்த இடம், இதுல எதை வச்சும் பிரஜைக்கு பாகுபாடு காட்டக்கூடாதுங்குது. பொறந்த இடம்னு தனியாவே போட்டிருக்கு, பாத்தவொடன எனக்கு சந்தோஷம். ஆனா அடிப்படை உரிமை மனுன்னா 126ம் உறுப்புரை, சுப்ரீம் கோர்ட், ஒரு மாசத்துக்குள்ள, அதுவும் அரசாங்க நிர்வாகம் செஞ்சதுக்கு மட்டும். மூணாம் மாடி வீட்டுக்காரம்மா அரசாங்கமில்ல. 12(3) தனியாளுங்க எடத்தயும் தொடுது, கட, சாப்பாட்டுக்கட, ஹோட்டல், பொழுதுபோக்கு எடம், சொந்த மதத்து வழிபாட்டு எடம். வாடக வீடு அதுல இல்ல. தனியார் கம்பனி வேலையும் இல்ல. சாதிக்குன்னு 1957லயே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் ஒன்னு இருக்கு, அது வந்து பதினோரு வருஷம் கழிச்சும் 1968ல மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசல்ல உள்ள விடச்சொல்லி போராட வேண்டியிருந்துச்சு, அதுல இருந்தே சட்டத்தோட பலம் தெரியும்.

அத விடுங்க, கேஸ் போடுறதுன்னாலும் எதன்னு சொல்றது? யாரும் "உனக்கு தரமாட்டேன்"ன்னு சொல்லலயே. மகனிட்ட கேக்கோணும், அண்ணன்ர பிள்ளையள் வருகினமாம், பெயின்ட் அடிக்கோணும்.

தங்கச்சி ஒரு அமெரிக்க வழக்கு சொன்னா, 1976, ஜெனரல் மோட்டர்ஸ் மேல அஞ்சு கறுப்பினப் பொம்பளைங்க போட்டது. 1964க்கு முன்ன அந்தக் கம்பனி கறுப்பினப் பொம்பளைங்கள வேலைக்கு எடுக்கவேயில்ல. பொறகு எடுத்துச்சு. நெருக்கடி வந்தப்ப கடைசியா சேந்தவங்கள முதல்ல நிப்பாட்டுறோம்னு சொல்லி 1970க்கு பொறகு சேந்த இவங்க அத்தன பேரையும் நிப்பாட்டிட்டாங்க. கோர்ட் என்ன சொல்லிச்சு? பொம்பளைங்கள முன்னயே எடுத்திருக்காங்களே, அப்ப பால் பாகுபாடு இல்ல. எடுத்தவங்க வெள்ளக்காரப் பொம்பளைங்க. நிறம்னா கறுப்பினத்தவங்க போட்ட வேற வழக்கு இருக்கு, அதோட போயி சேருங்க. ரெண்டையும் சேத்து கறுப்பினப் பொம்பளைங்கன்னு தனியா கேக்க சட்டத்துல இடமில்லைன்னு தள்ளிட்டாங்க. கிம்பர்லி கிரென்ஷாங்கிற சட்டப் பேராசிரியர் 1989ல இந்த வழக்க வச்சித்தான் பெரிய கட்டுரை எழுதினாங்களாம், இப்ப உலகம் பூரா அதத்தான் பேசுறாங்க.

எங்க கதையும் இப்படித்தான். தமிழருக்கு பாகுபாடா? பாருங்க, தமிழருக்குத்தானே வீடு குடுத்திருக்கு. மலைநாட்டாளுங்கள ஒதுக்குறோமா? கடையில பாதிப்பேர் மலைநாட்டு பையங்கதானே.

பெப்ரவரி 23

"மொழி பத்தி ஒன்னும் எழுதலயே". எழுதலாம், ஆனா அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. 1956 தனிச்சிங்களம், 1987ல 13வது திருத்தத்துல தமிழும் அரசகரும மொழி, 91ல அதுக்கு ஒரு ஆணைக்குழு, இன்னைக்கும் பொலிஸ்ல முறைப்பாடு சொன்னா சிங்களத்துல எழுதி "மெதன அத்சன் கரன்ன"ன்னு பேனாவ நீட்டுவாங்க. எனக்கு வாசிக்க தெரியும், அதனால வாசிச்சிட்டு கையெழுத்து வைக்கிறேன். என் மாமிக்கு தெரியாது, வைக்கிறாங்க. தம்பி சொன்ன "வாயில சிங்களம்" இங்கதான் வேல செய்யிது, அத நான் மறுக்கல.

சிங்களம் நல்லா பேசினா கிடைக்கிற பரிசு ஒன்னும் இருக்கு. "ஒயா தெமள வகே நே!" உங்கள பாத்தா தமிழ் மாதிரியே இல்லையாம். சந்தோஷமா சொல்லுவாங்க, நானும் சிரிச்சிடுவேன். வேற என்ன செய்ய, சம்பளத்துல கைவைக்கிற ஆளு.

மார்ச் 2

இது நீளும்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்கு பொறகு வந்த நாட்கள். கொச்சிக்கட அந்தோனியார் கோயில் எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம், அன்னைக்கு செத்தவங்கள்ல எங்க தெருவாளுங்களும் இருக்காங்க, அந்த வலிய நான் சின்னதா சொல்லல. ஒஃபிஸ் திறந்து போனா, வழக்கமா பொட்டு வைக்காத பொண்ணுங்க எல்லாம் பொட்டோட வந்திருக்காங்க. சின்ன ஸ்டிக்கர் இல்ல, தூரத்துல இருந்தே தெரியிற சைஸ். யாரும் பேசி வச்சிக்கல. கல்யாணம் கட்டி கொட்டாஞ்சேனைக்கு வந்த புதுசுல மாமி எனக்கு சொன்னது, 83ல கடைத்தெருவுல இருந்து ஓடி வரும்போது முதல் வேலையா பொட்ட அழிச்சாங்களாம், எச்சில் தொட்டு முந்தானையால. மாமி அழிச்ச பொட்ட மருமகள் வச்சிக்கிட்டு போறேன், ரெண்டு பேருக்கும் காரணம் உசிர்ப்பயம்தான். நானும் வச்சேன்.

என் பக்கத்து சீட்ல இருக்கிறவங்க முஸ்லிம், அபாயா போடுறவங்க. முகத்த மூடினதே இல்ல. ஏப்ரல் 29ல இருந்து தடை வந்தது முகம் மூடுறதுக்குத்தான், ஆனா அந்த வாரத்துல இருந்து ஒவ்வொரு வாசல்லயும் செக்யூரிட்டி தலத்துணிய கழட்ட சொல்றான். சட்டத்துல அப்படி இல்லன்னு அவங்க சொன்னா சண்டைக்கு வாராங்கன்னு பேராகுது. மே கடைசில அரசாங்க ஒஃபிஸ் பொம்பளைங்க சேலதான் கட்டணும்னு சுற்றறிக்கையே வந்துச்சு, எதிர்ப்பு கிளம்பி பொறகு திருத்தினாங்க. பஸ்ல இவங்க பக்கத்து சீட் காலியாவே இருக்கும், மத்தவங்க நின்னுக்கிட்டே வருவாங்களே தவிர உக்கார மாட்டாங்க. நான் உக்காந்தேன், கூட வேல செய்யிறவ. உக்காந்தவொடன என்னையும் ஒரு மாதிரி பாத்தாங்க, பொட்ட பாத்துட்டு விட்டுட்டாங்க.

கேளுங்க, இவங்க குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத்தெரு. 1990 அக்டோபர் 30, ரெண்டு மணி நேரத்துல ஊர விட்டு போங்கன்னு புலிகள் துரத்தினதுல கைக்குழந்தையா வந்தவங்க. வடக்குல இருந்து அந்த மாசம் கிட்டத்தட்ட 75 ஆயிரம் முஸ்லிம்கள வெளியேத்தினாங்க, முக்கால்வாசி பேர் புத்தளம் பக்கம். இவங்க பேசுறது அச்சு யாழ்ப்பாணத் தமிழ், நானெல்லாம் பக்கத்துலயே போக ஏலாது. அங்க துரத்தினப்ப பேசினது அதே தமிழ்தான், அது காப்பாத்தல. கொழும்புல வேலைக்கு போன ஒரு எடத்துல அவங்கள "வடக்கு ஆளு"ன்னு பொலிஸ் பதிவு கேட்டிருக்காங்க. 2019ல முஸ்லிம். 2020ல அவங்க பெரியப்பா கொவிட்ல மௌத், கட்டாயம் எரிக்கணும்னு இருந்த விதியில எரிச்சிட்டாங்க, புதைக்க விடல. 2021 பெப்ரவரி கடைசில அந்த விதிய மாத்தி பொறகு ஓட்டமாவடில அடக்கம் செய்ய விட்டாங்க, அவருக்கு அது பிந்திடுச்சு. இத்தனையும் ஒரே ஆளுக்கு.

அவங்ககிட்ட இந்த இழைய வாசிச்சி காட்டினேன். "உங்கட வீட்டுக்காரம்மா உங்கள உள்ளுக்கு கூப்பிட்டு தேசிக்காய்த் தண்ணியாவது தந்தா. எனக்கு பேரைக் கேட்டதும் ஃபோனிலயே முடிஞ்சிடும்"ன்னாங்க. அதுக்கு பொறகு நான் வேற கதைக்கு போயிட்டேன்.

மார்ச் 3

நேத்து எழுதினத பாத்துட்டு "யாருக்கு கூட கஷ்டம்னு போட்டி வைக்கிறீங்களா"ன்னு ஒருத்தர். வைக்கல. வச்சா நான் தோத்துடுவேன்.

மார்ச் 9

தம்பி திரும்ப வந்திருக்கார், இன்னும் ஒத்துக்கல, நல்லது, இழை நீளட்டும். அவர் சொல்றது: "அக்கா, நீங்கள் சொல்றதெல்லாம் நடந்திருக்கும், நான் இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா எனக்கு நடக்கேல்ல எண்டிறது உண்மைதானே."

உண்மையாவே இருக்கலாம். ஆனா இதுக்கு ஒரு ஆய்வு இருக்கு. 1980கள் தொடக்கத்துல ஃபே குரொஸ்பின்னு ஒரு உளவியல்காரங்க பொஸ்டன் பக்கத்துல வேல செய்யிற பொம்பளைங்ககிட்ட கேட்டிருக்காங்க. பொம்பளைங்களுக்கு வேலையில பாகுபாடு இருக்கா? இருக்கு. உங்களுக்கு? இல்ல, எனக்கு இல்ல. சம்பளக் கணக்க எடுத்து பாத்தா அதே தரத்து ஆம்பளைங்கள விட இவங்களுக்கு கொறைவு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும் தப்பிடுச்சுன்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கா. பொறகு எத்தனையோ எடத்துல எத்தனையோ கூட்டத்துகிட்ட கேட்டும் இதே மாதிரி வந்திருக்கு, எங்க சனத்துக்கு நடக்குது, எனக்கு அவ்வளவா இல்ல.

ஏன்னு யோசிச்சா எனக்கு விளங்குறது இதுதான். ஒரு தடவ நடந்தத வச்சி ஒருத்தனால சொல்ல ஏலாது. பிரமோஷன் கிடைக்கலயா, அவன் என்ன விட கெட்டிக்காரனோ என்னமோ. வீடு கிடைக்கலயா, மகன் உண்மையாவே லண்டன்ல இருந்து வாரானோ என்னமோ. பத்து பேர் ஒரு எடத்துல உக்காந்து கதைச்சாத்தான் பத்து மகனும் ஒரே நேரத்துல லண்டன்ல இருந்து வாரது தெரியும். ஒத்துக்கவும் வெக்கமா இருக்கு, நமக்கு நடந்துச்சுன்னு சொன்னா நம்மள கொறைவா பாக்க ஒரு ஆள் இருந்தான்னு நாமளே சாட்சி சொல்ற மாதிரி. எங்கப்பா சாகுறவரைக்கும் சொன்னது, தொர, அதான் தோட்டத்து மேனேஜர், என்ன ஒரு நாளும் மரியாத கொறைவா பேசினதில்ல. தொர வந்தா அப்பா ரோட்ட விட்டு இறங்கி கான்ல நிப்பார், நான் பாத்திருக்கேன்.

மார்ச் 10

அப்பா பத்தி கேட்டதால. 1948 குடியுரிமைச் சட்டத்துல தாத்தா காலத்துலயே நாடில்லாதவங்களாயிட்டோம். 64 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இங்கன்னு ஆடு மாடு மாதிரி பிரிச்சாங்க, பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்குல கோத்தகிரி போச்சு. அங்க அவங்களுக்கு பேர் சிலோன்காரங்க. இங்க எங்களுக்கு பேர் இந்தியாக்காரங்க. மிச்சம் இருந்தவங்க வழக்கு முழுசா தீந்தது 2003 சட்டத்துலதான். தோட்டத்துல வாக்கு இல்லாத ஆளுங்களுக்கு எவன் ரோடு போடுவான், எவன் ஸ்கூல் கட்டுவான். வெள்ளவத்த அம்மா எங்கள கொறைவா பாக்கிறதுக்கு தேவையான சாமான் எல்லாம் அந்த சட்டத்துல இருந்துதான் வந்துச்சு.

போன வருஷக் கடைசி குடிசன மதிப்பீட்டுக்கு ஆள் வந்தப்ப எங்க வீட்டுல சண்ட. மகளுக்கு என்ன போடுறது? என் புருஷன் கொட்டாஞ்சேனையில பொறந்தவர், அவங்க பக்கம் எல்லாரும் இலங்கைத் தமிழர்னுதான் போடுவாங்க. நான் மலையகத் தமிழர்னு போடணும்னேன். "அவ வளந்து வீடு தேடுற காலத்துல நீயா போயி வீடு குடுப்ப"ன்னு கேட்டார். அவர் சொல்றதுல ஞாயம் இல்லாம இல்ல. இந்தியத் தமிழர் 1981 கணக்குல 5.5 வீதம், 2012ல நாலு வீதத்துக்கு கொஞ்சம் மேல. பிறப்பு கொறைஞ்சதாலயும் இந்தியாவுக்கு போனதாலயும் மட்டும் இல்ல, அவர் மாதிரி யோசிச்சவங்க இலங்கைத் தமிழர்னு மாத்தி போட்டதும் அதுல இருக்கு. வந்த பொண்ணு பேனாவ புடிச்சிக்கிட்டு ரெண்டு பேர் மூஞ்சியயும் மாறி மாறி பாத்துச்சு. என்ன போட்டோம்ங்கிறத இங்க எழுத மாட்டேன், வீட்டுல இந்த இழைய வாசிக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார்.

மார்ச் 23

அந்த ஒழுங்கை பேரையும் வீட்டுக்காரம்மா பேரையும் கேட்டு இன்பொக்ஸ்ல வராதீங்க, தரமாட்டேன். அந்த அம்மா வயசானவங்க, தனியா இருக்காங்க. அவங்க ஒருத்தர திருத்தினா வெள்ளவத்த திருந்திடுமா.

"இப்ப இருக்கிற வீடு எப்படி கிடைச்சிச்சு, எங்களுக்கும் சொல்லுங்க"ன்னு கேட்டவங்களுக்கு: சிங்களக் கத்தோலிக்கர் ஒருத்தரோட வீடு, அவருக்கு தோட்டம் டவுன் ஒன்னும் தெரியாது, தெமள, அம்புட்டுதான். வாடகைய ஒழுங்கா கட்டுவீங்களான்னு மட்டும் கேட்டார். இதுவரைக்கும் இதுதான் நான் சொல்ற கதை. போன மாசம் கீழ் வீட்டு ஆச்சி பேச்சோட பேச்சா சொன்னாங்க, எங்களுக்கு முன்ன ஒரு முஸ்லிம் குடும்பம் அட்வான்ஸோட வந்து நின்னுச்சாம், மூணு மாசத்துக்கு பதிலா ஆறு மாசம் தாரோம்னாங்களாம், அவர் மாட்டேன்னுட்டாராம். 2019 நவம்பர் அது. நாங்க டிசம்பர்ல குடி வந்தோம்.

வாடகைய அடுத்த மாசத்துல இருந்து கூட்டப்போறாராம். எக்ரிமென்ட் முடிய முன்ன கூட்ட ஏலுமா? தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க, இல்லன்னா புது இழை ஒன்னு போடுறேன்.